சாண் என்ன, முழம் என்ன..? டயட்டில் சறுக்கிய பிறகு வரும் குற்றஉணர்வை என்ன செய்வது?

17 நாள்கள் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. காலையில் சர்க்கரை இல்லாத காபி, மதியம் ஒரு கப் சாதம், தட்டு நிறைய காய், சாயங்காலம் சுண்டல், ராத்திரி எட்டு மணிக்குள் இரண்டு தோசை. 18-வது நாள் சித்தி பையன் ரிசப்ஷன். `ஒரே ஒரு ஜாங்கிரி' என்று கை வைத்தீர்கள். அப்புறம் பரோட்டா, அப்புறம் ஃப்ரைடு ரைஸ், கடைசியில் குலாப் ஜாமூன், அது மேல ஐஸ்க்ரீம்.

வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. `ச்சே... 17 நாள் கஷ்டப்பட்டது எல்லாம் வீணாப்போச்சு' என்று மனசு அடித்துக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் எழுந்து போகிறீர்கள். ஃப்ரிட்ஜ் மேல் தாம்பூலப் பை. உள்ளே லட்டு. `கெட்டது கெட்டுப்போச்சு. இதையும் சாப்பிட்டுட்டு திங்கள்கிழமையிலேர்ந்து புதுசா ஆரம்பிச்சுக்கலாம்!'

இந்தக் கதையில் உங்கள் டயட்டுக்கு அதிக சேதம் செய்தது எது? ஜாங்கிரியா, பரோட்டாவா, ஐஸ்க்ரீமா? மூன்றும் இல்லை. கடைசியாகச் சொன்னீர்களே, அந்த `திங்கள்கிழமை' வாக்கியம்தான்.

டயட் இருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் சறுக்குவார்கள். டயட் சொல்லிக்கொடுப்பவர்களும் சறுக்குவார்கள். சறுக்கிய பிறகு வரும் குற்றஉணர்வு என்ன செய்கிறது, அதை எப்படிக் கையாள்வது என்று யாரும் டயட் சார்ட்டில் எழுதித் தருவதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

மில்க் ஷேக் சொன்ன ரகசியம்

அமெரிக்காவில் 1975-ல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு ஒரு மில்க் ஷேக், சிலருக்கு இரண்டு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. அதன் பிறகு, `சுவை எப்படியிருக்குனு சொல்லுங்க' என்று ஐஸ்க்ரீமைக் கொடுத்து, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள்.

சாப்பாட்டில் பெரிதாகக் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளாத மாணவிகள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்க்ரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவுதான். எப்போதும் அளந்து அளந்து சாப்பிடும் மாணவிகளோ தலைகீழ். மில்க் ஷேக் குடிக்காதபோது கொஞ்சமாகச் சாப்பிட்டவர்கள், குடித்த பிறகு அதிகமாக ஐஸ்க்ரீம் சாப்பிட்டார்கள்!

பசி கூடவில்லை. `இன்னைக்குக் கட்டுப்பாடு உடைஞ்சாச்சு' என்ற எண்ணம் மட்டும்தான் புதிதாக வந்திருந்தது. ஹெர்மனும், கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனட் பொலிவியும் பின்னாளில் இதற்கு வைத்த பெயர் `வாட் தி ஹெல் எஃபெக்ட்'. நம் ஊரில் இதை எந்த ஆய்வும் இல்லாமலே பழமொழியாக வைத்திருக்கிறோம். `முழுக்க நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு?', `தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?'

பழமொழி சரிதான். வெள்ளம் நிஜமாகவே தலைக்கு மேல் போயிருந்தால்! ஒரு ஜாங்கிரி கணுக்கால் அளவுத் தண்ணீர். கணுக்கால் நனைந்ததற்கு நாமே போய்க் கிணற்றில் குதிப்பதுதான் இங்கே பிரச்னை.

1-க்கும் 13-க்கும் உள்ள வித்தியாசம்

ஒரு நாளைக்கு மூன்று வேளை, வாரத்துக்கு 21 வேளை. புதன்கிழமை ராத்திரி ஆபீஸ் டீமோடு போய் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை வழக்கம்போல சாப்பிட்டால், 21-ல் 1 வேளைதான் திட்டத்தை மீறியது. மீதி 20 வேளை உங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கிறது.

அதே புதன்கிழமை ராத்திரி, `சரி, திங்கள்கிழமை பாத்துக்கலாம்' என்று முடிவு செய்தால்? வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு... தலா மூன்று வேளை. புதன் ராத்திரியையும் சேர்த்தால் 13 வேளை. ஒரு பிரியாணி 1 வேளையைத்தான் எடுத்துக்கொண்டது. மீதி 12 வேளையை எடுத்துக்கொண்டது குற்றஉணர்வு.

திங்கள்கிழமைக்கு எந்த விசேஷ சக்தியும் கிடையாது. ஒன்றாம் தேதிக்கும், பிறந்தநாளுக்கும், பொங்கலுக்கும்கூடக் கிடையாது. உடம்புக்குத் தெரிந்தது அடுத்த வேளை மட்டும்தான்.

காலையில் எடை மெஷின் சொல்லும் பாதி உண்மை

விருந்துக்கு மறுநாள் காலை எடை பார்த்தால் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ கூடியிருக்கும். `ஒரே ராத்திரியில ஒரு கிலோ கொழுப்பா?' என்று நெஞ்சு படபடக்கும். கணக்கைப் பாருங்கள்.

உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். நேற்று ராத்திரி நீங்கள் வழக்கத்தைவிட 1,000 கலோரி அதிகம் சாப்பிட்டிருந்தாலும், அது அத்தனையும் கொழுப்பாகவே மாறினாலும், சுமார் 130 கிராம்தான் வரும்.

அப்படியென்றால் அந்த ஒரு கிலோ எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தண்ணீர். சாதம், பரோட்டா, ஸ்வீட் மூலம் வந்த மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜனாக மாற்றி ஈரலிலும் தசைகளிலும் சேமிக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். ஹோட்டல் சாப்பாட்டில் இருக்கும் உப்பு தன் பங்குக்குத் தண்ணீரைத் தேக்கும். இன்னும் செரிக்காத சாப்பாட்டின் எடையும் சேரும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் இரண்டு, மூன்று நாள்களில் இதெல்லாம் தானாகவே இறங்கிவிடும்.

எனவே, விருந்துக்கு மறுநாள் எடை மெஷினில் ஏறாதீர்கள். மூன்று நாள் கழித்து ஏறுங்கள். `130 கிராம்தானே' என்று தினமும் விருந்து வைத்தால் அதுவும் கூடிக்கொண்டேதான் போகும். ஆனால் ஒருநாள் விருந்து உங்கள் உடம்பை மாற்றிவிடாது, ஒருநாள் பட்டினி மாற்றாததைப் போலவே.

ஒரு ஜாங்கிரி எப்படிக் குற்றமானது?

நாம் பேசும் பாஷையைக் கவனித்திருக்கிறீர்களா? `தப்பு பண்ணிட்டேன்', `பாவத்தைச் சேர்த்துக்கிட்டேன்', `சீட் மீல்', `சீட் டே'. சீட் என்றால் ஏமாற்றுவது. யாரை ஏமாற்றினோம்? பசித்து, ஆசைப்பட்டு, சொந்தக் காசில் சாப்பிட்டவர்கள், திருடிவிட்டு வந்தவர்கள் மாதிரி பேசுகிறோம்.

கையில் இருக்கும் போன் இதை இன்னும் பெரிதாக்குகிறது. கலோரி ஆப்பில் அளவைத் தாண்டியதும் எண்கள் சிவப்பாகின்றன. தொடர்ந்து 17 நாள் சேர்த்த `ஸ்ட்ரீக்' ஒரே ராத்திரியில் பூஜ்யமாகிறது. 17 நாள் நடந்த நடையும், சாப்பிட்ட காயும் உடம்பில் அப்படியே இருக்கின்றன. போனில் மட்டும்தான் அழிந்தன. ஆனாலும் நமக்கு எல்லாமே அழிந்த மாதிரி இருக்கிறது. ரீல்ஸைத் திறந்தால், தட்டில் ஆறு வெள்ளரித் துண்டுகளை அடுக்கிவைத்து யாரோ சிரிக்கிறார்கள்.

குற்றஉணர்வில் இரண்டு வகை உண்டு. `நான் செஞ்சது சரியில்லை' என்பது ஒன்று. `நானே சரியில்லை' என்பது இன்னொன்று. முதலாவது செயலைப் பற்றியது, கொஞ்சம் உறுத்தும், அடுத்த முறை கவனமாக இருக்கச் சொல்லிவிட்டுப் போய்விடும். இரண்டாவது ஆளைப் பற்றியது. அது அவமானம். அது போகாது, ஒளிந்துகொள்ளச் சொல்லும்.

குடிப்பழக்கத்திலிருந்து மீள முயல்பவர்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1980-களில் இதைத் தெளிவாகச் சொன்னார். ஒரு முறை தவறுவது சறுக்கல், பழைய நிலைமைக்கே திரும்புவது வீழ்ச்சி. சறுக்கல் வீழ்ச்சியாக மாறுமா என்பது, சறுக்கியவர் அதற்கு என்ன காரணம் சொல்லிக்கொள்கிறார் என்பதைப் பெரிதும் பொறுத்தது என்றார். `அன்னைக்கு சூழ்நிலை அப்படி' என்றால் எழுந்துவிடலாம். `எனக்கு மனவுறுதியே கிடையாது, நான் அப்படித்தான்' என்றால் எழுந்திருக்கக் காரணமே இல்லாமல் போய்விடும்.

என் தோழி ஒருத்தி. பி.சி.ஓ.டி பிரச்னைக்காக உணவியல் ஆலோசகர் ஒருவரிடம் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் அருமையாகப் போனது. ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் கேக், அதைத் தொடர்ந்து ஒரு வாரம் எல்லாம் தாறுமாறு. அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போகவில்லை. `இந்த வாரம் ஒழுங்கா இருந்துட்டு, கொஞ்சம் எடை குறைச்சுட்டுப் போறேன்' என்றாள். அந்த வாரம் எட்டு மாதமானது. இடையில் போட வேண்டிய மாத்திரையும் நின்றுபோனது. பிறகு ஒருநாள் அவளே சொன்னாள்: ``கேக் சாப்பிட்டதுக்கு அவங்க என்னைத் திட்டியிருக்க மாட்டாங்கடி. அவங்க திட்டுறதுக்கு முன்னாடி நானே திட்டி முடிச்சுட்டேன்.''

குற்றஉணர்வு செய்யும் மோசமான வேலை இதுதான். ஒரு துண்டு கேக்கைவிட, உதவி செய்யக்கூடிய ஆளிடமிருந்து எட்டு மாதம் ஒளிந்துகொள்வதால் வரும் நஷ்டம் ரொம்பப் பெரியது.

`நம்மை நாமே திட்டினால்தானே திருந்துவோம்?'

நியாயமான சந்தேகம். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் முழுசாகக் கெட்டுப்போவோம் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன.

* டோநட் சோதனை: கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இது. கல்லூரிப் பெண்களுக்கு முதலில் டோநட் கொடுத்தார்கள். பிறகு ஒரு பகுதியினரிடம் மட்டும், `எல்லாரும் எப்பவாவது இப்படிச் சாப்பிடுறதுதான், இதுக்காக உங்களை வருத்திக்காதீங்க' என்ற அர்த்தத்தில் சில வார்த்தைகள் சொன்னார்கள். அதன் பின் மிட்டாய் வைத்தார்கள். டயட் கட்டுப்பாடு உள்ள பெண்களில், அந்த ஆறுதல் வார்த்தையைக் கேட்டவர்கள், கேட்காதவர்களைவிடக் குறைவாக மிட்டாய் சாப்பிட்டார்கள்.

* சாக்லேட் கேக் கேள்வி: நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், `சாக்லேட் கேக் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது குற்றஉணர்வா, கொண்டாட்டமா?' என்று கேட்டார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில், குற்றஉணர்வு என்றவர்கள் மற்றவர்களைவிட ஆரோக்கியமாகச் சாப்பிடவில்லை. ஒன்றரை வருடத்தில் எடையைக் கட்டுக்குள் வைப்பதில், கொண்டாட்டம் என்றவர்களைவிடப் பின்தங்கித்தான் இருந்தார்கள்.

* 66 நாள் கணக்கு: ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரிடம் பார்த்தார்கள். சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. நடுவில் ஒருநாள் தவறவிட்டது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பது அவர்கள் கண்ட முக்கியமான விஷயம்.

உங்களிடமே கனிவாக இருப்பதற்கும் சாக்குப்போக்கு சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. `நான் எங்கே சாப்பிட்டேன்?' என்பது சாக்கு. `ஆமா, சாப்பிட்டேன். பரவாயில்லை. நாளைக்குக் காலையில வழக்கம்போல இட்லி' என்பது கனிவு. கனிவில் உண்மையும் இருக்கிறது, அடுத்த வேளையும் இருக்கிறது.

சறுக்கிய ராத்திரி என்ன செய்யலாம்?

முதல் 10 நிமிடம்: சாப்பாடு இருக்கும் இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள். கை கழுவுங்கள், பல் தேய்த்துவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பல் தேய்த்தால் அன்றைய சாப்பாட்டுக் கடையை மூடியாச்சு என்று மனசுக்கு ஒரு சிக்னல் போகும்.

ஒரு வரி எழுதுங்கள்: போன் நோட்ஸில், `ரிசப்ஷனில் அதிகம் சாப்பிட்டேன். மதியம் சாப்பிடாமல் போனேன்' என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். `நான் ஒரு வேஸ்ட்' மாதிரி தீர்ப்புகள் வேண்டாம்.

தோழிக்குச் சொல்வதை உங்களுக்குச் சொல்லுங்கள்: உங்கள் நெருங்கிய தோழி ராத்திரி 11 மணிக்கு போன் செய்து, `டயட்ல சொதப்பிட்டேன்டி' என்று அழுதால் என்ன சொல்வீர்கள்? `உனக்கு இதெல்லாம் தேவையா, நீ உருப்பட மாட்ட' என்றா சொல்வீர்கள்? அவளிடம் சொல்லாததை உங்களிடமும் சொல்லாதீர்கள்.

கொஞ்சம் நடக்கலாம்: சாப்பிட்ட பின் 10, 15 நிமிடம் மெதுவாக நடந்தால் வயிற்றுக்கு இதமாக இருக்கும், ரத்தச் சர்க்கரை ஒரேயடியாக ஏறுவதையும் குறைக்கும். மொட்டை மாடியில் பாட்டு கேட்டுக்கொண்டே நடங்கள். இது தண்டனை நடை இல்லை.

மறுநாள் காலை: வழக்கமான நேரத்தில் வழக்கமான சாப்பாடு. நேற்று அதிகம் என்பதற்காக இன்று குறைக்க வேண்டாம். நிஜமாகவே பசிக்கவில்லை என்றால், பசிக்கும்வரை காத்திருந்து சாப்பிடுங்கள். இந்த ஒரு வேளையை மட்டும் சாதாரணமாகச் சாப்பிட்டுவிட்டால், பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

பட்டினி: காலை, மதியம் இரண்டையும் தவிர்த்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு அகோரப் பசி எடுக்கும். டீக்கடை பஜ்ஜியைப் பார்த்தால் கை நிற்காது. மறுபடி குற்றஉணர்வு, மறுபடி பட்டினி என்று சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

தண்டனை உடற்பயிற்சி: சுமார் 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் கிட்டத்தட்ட 300 கலோரி செலவாகும். 1,000 கலோரியை `எரிக்க' மூன்று மணி நேரத்துக்கும் மேல் நடக்க வேண்டும். நடைமுறைக்கு ஆகாத கணக்கு. முட்டி வலிதான் மிச்சம். உடற்பயிற்சியைத் தண்டனையாக்கினால் அதையும் வெறுக்க ஆரம்பித்துவிடுவோம்.

`டீடாக்ஸ்' பானங்கள்: நேற்றைய விருந்தை இன்று கழுவித் தள்ளும் ஜூஸ் எதுவும் இல்லை. அந்த வேலையை உங்கள் ஈரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

வாந்தி எடுக்க முயல்வது, பேதி மாத்திரை: எக்காரணம் கொண்டும் கூடாது. இந்த எண்ணம் அடிக்கடி வந்தால், கடைசிப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

சறுக்கியது ஏன்? ஐந்து கேள்விகள்

திட்டி முடித்த பின் மீதி இருக்கும் சக்தியைத் துப்பறிவதற்குப் பயன்படுத்துங்கள்.

1. பசித்திருந்தேனா? ரிசப்ஷனில் சாப்பிடப்போகிறோமே என்று மதியம் தவிர்த்தீர்களா? பல சறுக்கல்களுக்கு இதுதான் மூலகாரணம். விசேஷத்துக்குப் போவதற்கு முன் ஒரு முட்டையோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள்.

2. தூங்கினேனா? தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலின் கூடும். நைட் ஷிஃப்ட் முடித்த மறுநாள் இனிப்பு தேடுவதில் ஆச்சர்யமே இல்லை.

3. மனசு சரியில்லையா? மேனேஜர் திட்டினாரா, யாரோ மெசேஜைப் பார்த்தும் பதில் போடவில்லையா? சாப்பாடு ஆறுதல் தரும், உண்மைதான். அது மட்டும்தான் ஆறுதல் என்ற நிலை வந்துவிட்டதா என்று கவனியுங்கள்.

4. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களா? அந்த நாள்களில் பல பெண்களுக்குப் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். திட்டத்திலேயே அதற்குக் கொஞ்சம் இடம் வைத்துவிடுங்கள்.

5. திட்டமே ரொம்பக் கறாரா? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. எப்போதும் நம்மைத்தான் சந்தேகப்படுகிறோம், டயட் சார்ட்டைச் சந்தேகப்படுவதில்லை.

ஐந்தாவது கேள்விக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களே முன்வந்து கலந்துகொண்டவர்கள். தினமும் சுமார் 1,570 கலோரி உணவு, கூடவே நிறைய நடை. சில வாரங்களில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள். சாப்பாட்டைப் பற்றியே கனவு கண்டார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு, சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். அவர்கள் யாரும் மனவுறுதி இல்லாதவர்கள் அல்ல. பசித்த உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும்.

இன்று இணையத்தில் சுற்றும் பல டயட் சார்ட்டுகள் இதைவிடக் குறைவான கலோரியைச் சொல்கின்றன. 900 கலோரி சார்ட்டை நாலாவது நாள் மீறினால், சந்தேகப்பட வேண்டியது சார்ட்டைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா செய்யும் பிரியாணி உங்களால் விடவே முடியாத விஷயமா? விடாதீர்கள். திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்: `ஞாயிறு மதியம் பிரியாணி, ஒரு தட்டு, தயிர்ப்பச்சடி நிறைய.' திட்டத்தில் இருந்தால் அது சறுக்கலே கிடையாது. `சீட் மீல்' என்ற பெயரும் தேவையில்லை. `ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு' போதும்.

வீட்டிலிருந்து வரும் கமென்ட்டுகள்

`என்னமோ டயட்டுன்ன... ஒரு வாரம்கூடத் தாங்கலையே!' தம்பியோ, அத்தையோ, ஆபீஸ் நண்பரோ யாராவது ஒருத்தர் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். விளையாட்டுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே புண்பட்ட இடத்தில் விழும். `ஆமா, இன்னைக்கு லீவு. நாளைக்கு டியூட்டி' என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் விசாரணை ஆகிவிடும்.

இன்னொரு பக்கம், `இளைச்சுப் போயிட்டியே கண்ணு, இன்னும் ரெண்டு வச்சுக்கோ' என்று தட்டில் வைக்கும் பாட்டி. அவர் வைப்பது பாசம். அதை மறுத்தாலும் கில்ட், சாப்பிட்டாலும் கில்ட். `வயிறு நிறைஞ்சிருச்சு பாட்டி. எனக்குனு எடுத்து வைங்க, காலையில சாப்பிடுறேன்' என்று சொல்லிப் பாருங்கள். பாசத்தை வாங்கிக்கொண்ட மாதிரியும் ஆச்சு, தட்டும் நிறையவில்லை. ஒன்று முக்கியம், காலையில் ஒன்றாவது சாப்பிட்டுவிடுங்கள். அடுத்த முறையும் பாட்டி நம்ப வேண்டுமே!

உடல்நலப் பிரச்னை இருப்பவர்கள் கவனத்துக்கு...

எடைக்காக டயட் இருப்பது வேறு, நோய்க்காக இருப்பது வேறு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஸ்வீட் சாப்பிட்டுவிட்ட பயத்தில் மாத்திரையையோ இன்சுலினையோ தாங்களாகவே கூட்டிப் போடக் கூடாது. மாத்திரை போட்டுவிட்டு அடுத்த வேளை பட்டினி இருக்கவும் கூடாது. சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். குளுக்கோமீட்டர் இருந்தால் அளவைப் பாருங்கள். அதிகமாக இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் ஒழுங்காக இருந்து, டாக்டரிடம் நல்ல பெயர் வாங்க முயல்பவர்கள் நிறைய பேர். ஹெச்.பி.ஏ1சி பரிசோதனை ஏறத்தாழ கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். இரண்டு நாள் நடிப்பு அதில் செல்லாது. அதே காரணத்தால், தீபாவளியன்று சாப்பிட்ட இரண்டு அதிரசமும் அதில் பெரிய வித்தியாசம் காட்டாது. நடந்ததை அப்படியே சொன்னால்தான் டாக்டரால் சரியான மருந்து கொடுக்க முடியும்.

சிறுநீரகப் பிரச்னைக்காக உப்பு, பொட்டாசியம், தண்ணீர் அளவு பார்ப்பவர்களுக்கும், உணவு அலர்ஜி உள்ளவர்களுக்கும் `ஒரு வேளைதானே' என்ற சமாதானம் பொருந்தாது. மூச்சு வாங்குவது, வீக்கம், படபடப்பு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

விருந்துக்குப் பிறகு கொஞ்சம் உறுத்துவது எல்லோருக்கும் வருவதுதான். கீழே இருப்பவை நடந்தால், அது மனவுறுதிப் பிரச்னை கிடையாது, மருத்துவப் பிரச்னை:

* குறைந்த நேரத்தில், நிறுத்தவே முடியாமல், மிக அதிகமாகச் சாப்பிடுவது. வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதமாகத் தொடர்வது.
* வெட்கத்தால் யாருக்கும் தெரியாமல் தனியாகச் சாப்பிடுவது.
* சாப்பிட்ட பின் வாந்தி எடுப்பது, பேதி மருந்து, நாள்கணக்கில் பட்டினி.
* எடையைப் பற்றிய நினைப்பால் வேலை, படிப்பு, நட்பு எல்லாம் கெடுவது.
* `நான் இருந்து என்ன பயன்' என்ற எண்ணம்.

இவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது, குணமாகும். மனநல மருத்துவரையோ, உளவியல் ஆலோசகரையோ பார்க்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416, தமிழ்நாடு அரசின் 104 ஆகியவற்றில் தமிழிலேயே பேசலாம். கடைசியாகச் சொன்ன எண்ணம் இருந்தால் இன்றே பேசுங்கள். ஆண்களுக்கும் இந்தப் பிரச்னை வரும். `இது பொண்ணுங்க விஷயம்' என்று நினைத்து மறைக்க வேண்டாம்.

என் தோழி விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதம் கழித்து, தைரியம் வந்து அதே ஆலோசகரிடம் போனாள். எடை கூடியிருந்தது. என்ன சொல்லப்போகிறாரோ என்று உள்ளே நுழைந்தவளிடம், அவர் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டது ஒரே கேள்விதானாம்: ``இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?''

அவ்வளவுதான். அங்கிருந்துதான் மறுபடி ஆரம்பித்தாள். அன்று கிழமை என்ன தெரியுமா? வியாழன்!